ஆளுக்கொரு கிராம்பு

ஜன்னலைத் தாராளமாத் தொறந்துக்கங்கக்கா. காத்து எனக்கு ஒண்ணும் செய்யாது. உங்களுக்கு பஸ்ஸுன்னா குமட்டுமா? முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டே வரீங்களே, அதான் கேட்டேன். குளித்தலையில நான் ஏறி உக்காந்தப்ப நல்லாத்தான் இருந்தீங்க. டீசல் பொகையா இருக்கும். எனக்கு அதெல்லாம் தெரியறதில்ல. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுலேருந்து மூக்கு எப்பவும் அடைச்சே கெடக்கும். வாசனைன்னு ஒண்ணு ஏறாது. மல்லிப்பூ வெச்சாலும் ஒண்ணுதான், மீன் மார்க்கெட்டுல நிறுத்துனாலும் ஒண்ணுதான். அதுவும் ஒரு நிம்மதிதான்னு வெச்சுக்கங்களேன்.

கரூருக்கா? நானும் கரூருக்குத்தான். கோர்ட்டுக்கு. அய்யோ, பயந்துறாதீங்க, அடிதடி கேஸெல்லாம் இல்ல. விவாகரத்து. ரெண்டு பேரும் ஜட்ஜு முன்னாடி நின்னு சம்மதம்னு சொல்லணும், அவ்வளவுதான். முன்னாடியே எழுதிக் குடுத்தாச்சு, இன்னைக்கு வாயால சொல்லிட்டா முடிஞ்சிரும். எங்க அண்ணன் குமரேசன் பைக்குல நேரா அங்க வந்துடும். இத்தனை நாளா அது வீட்லதான் இருக்கேன்.

வருத்தமா இருக்கான்னு கேக்குறீங்களா? நீங்க கேக்கல, சரி. கேட்டாலும் என்னத்தச் சொல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு கடவாப்பல்லு புடுங்குனாங்க. ஊசி போட்ட பொறவு கன்னத்தைத் தொட்டா நம்ம கன்னமா அடுத்தவங்க கன்னமான்னு தெரியாதுல்ல? அந்த மாதிரி இருக்குதுக்கா. காலைல எந்திரிச்சேன், குளிச்சேன், நல்ல புடவையா எடுத்துக் கட்டுனேன், வந்துட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, விரதம். பச்சத்தண்ணி கூட வாயில படல.

காரணம் சொன்னா சிரிப்பீங்க. எங்க வீட்டுக்காரருக்கு வாய் நாத்தம்.

நீங்க சிரிக்கல. எல்லாரும் சிரிச்சாங்க.

லோகநாதன்னு பேரு. பஸ் பாடி கட்டுற பட்டறையில பெயிண்டரு. கரூர்ல எங்க பாத்தாலும் அந்தப் பட்டறைதானே. இந்த பஸ்ஸுக்குப் பக்கவாட்டுல கோடு போட்டது அவராக்கூட இருக்கும், யாரு கண்டா. கை நடுங்காம ஒரே இழுப்புல இழுப்பாரு. குடி கிடையாது, பீடி கிடையாது, பாக்குக்கூடப் போட மாட்டாரு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அப்படிப்பட்ட மனுசனுக்கு இப்படி ஒரு கேடு.

கல்யாணம் ஆன புதுசுல இதெல்லாம் இல்லக்கா. நல்லாத்தான் இருந்தோம். ஒரே ஒரு தடவ சண்டை. பால் கெட்டுப் போனது தெரியாம நான் காப்பி போட்டுக் குடுத்துட்டேன். ஒரு வாய் குடிச்சுட்டு, 'ஏம்மா, வாசனை வரலையா உனக்கு?'ன்னு சாதாரணமாத்தான் கேட்டாரு. என் மூக்கு விஷயத்தை எங்கம்மா மாப்ள வீட்ல சொல்லவே இல்ல. சொன்னா சம்பந்தம் தட்டிப் போயிரும்னு மறைச்சுட்டாங்க. அன்னைக்கு அழுதேன் பாருங்க, அப்படி ஒரு அழுகை. குறையுள்ளவளக் கட்டிக்கிட்டோம்னு குத்திக் காட்டுறீங்களான்னு கத்துனேன், தின்னாமக் கொள்ளாம கெடந்தேன். மனுசன் பயந்துட்டாரு. கடைசியில என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணாரு. 'இனிமே வாசனை, நாத்தம்னு ஒரு வார்த்தை உன்னைப் பத்தி என் வாயில வராது'ன்னு. நான்தான் பண்ணச் சொன்னேன். கட்டுனவ தலையில அடிச்ச சத்தியம், மீறுனா யாருக்கு ஆகும்னு தெரியுமில்ல? அவரு மீறுற ஆளு இல்ல. அது வரைக்கும் நல்ல மனுசன்தான்.

நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போனதுக்கப்பறம்தான் எல்லாம் மாறுச்சு. பொண்டாட்டி சம்பாதிக்கறது இந்த ஆம்பளைங்களுக்குப் பொறுக்காது, வெளிய சொல்ல மாட்டாங்க. பெரிய கடை, மாடி மேல மாடி. புடவை செக்ஷன்ல என்னைப் போட்டாங்க. அங்க ஒக்காரக் கூடாது. பாத்ரூம் மேல் மாடியில, போயிட்டு வந்தா சூப்பர்வைசரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அதனால பொம்பளைங்க யாருமே தண்ணி குடிக்க மாட்டோம். காலையில ஒரு டீ, அதோட வீட்டுக்கு வந்துதான் தண்ணி. பழகிருச்சு. இப்பவும் தாகம்னே எனக்கு எடுக்கறதில்ல. நாக்கு பலகை மாதிரிதான் இருக்கும்.

அந்தக் கடையில ஒரு வழக்கம். கஸ்டமரைக் கண்ணாடி முன்னாடி நிறுத்தி, பின்னாலயே நின்னு தோள்ல புடவையப் போட்டுவிட்டு, காதுகிட்ட குனிஞ்சு 'உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கு மேடம்'னு சொல்லணும். அப்படிச் சொன்னா வாங்காதவங்களும் வாங்குவாங்களாம். நானும் எல்லார விடவும் கிட்டப் போயிதான் சொல்வேன். ஆனா எனக்கு ராசி இல்லக்கா. வேணாம் வேணாம்னு புடவைய உருவிப் போட்டுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிருவாங்க. கொஞ்ச நாள்ல சூப்பர்வைசரு, 'அம்சவேணி, நீங்க குடோன்ல பண்டல் பிரிங்க'ன்னு கீழ அனுப்பிட்டாரு. நான் கொஞ்சம் கறுப்பு, பாத்தீங்கல்ல. அதான் காரணம். வாய்விட்டுச் சொல்லல, ஆனா எனக்குத் தெரியாதா.

முன்னால உக்காந்திருந்தவரு எந்திரிச்சு நின்னுக்கிட்டு வராரு பாருங்க, எடம் இருக்கறப்பவே. முதுகுவலியோ என்னமோ. நீங்க வேணா அங்க போய்க்கங்க, காத்து நல்லா வரும். வேணாமா? சரி. நல்ல மனசு உங்களுக்கு. தனியா வந்தா மனசு என்னென்னமோ நெனைக்கும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், அவரு. நான் வேலைக்குப் போக ஆரம்பிச்ச பொறவு, பேசறப்ப மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்க ஆரம்பிச்சாரு. நான் சோறு போட்டுட்டுப் பக்கத்துல ஒக்காந்தா, தட்டை எடுத்துக்கிட்டு டிவிகிட்ட போயிருவாரு. படுத்தா செவுத்தைப் பாத்துப் படுப்பாரு. ஒரு நாள் பாயைத் தூக்கிட்டு ஹாலுக்கே போயிட்டாரு. அங்க ஃபேன் நல்லா சுத்துதாம். குழந்தை இல்லையான்னு சொந்தக்காரங்க எல்லாம் என்னையத்தான் கேப்பாங்க. ஹால்ல படுத்திருக்கறவரைக் கேளுங்கன்னு சொல்லவா முடியும்? செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருந்தேன். அப்பறம் சனிக்கிழமையும் சேத்துக்கிட்டேன். வயித்தைக் காயப் போட்டு சாமியக் கும்பிட்டு, அவரு எந்திரிச்சு வருவாரான்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். வரல.

ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. பக்கத்துலன்னா, ஒரு ஆள் தள்ளி. பட்டறை லுங்கியில கையத் தொடைச்சுக்கிட்டே இருந்தாரு, பெயிண்டே இல்லாத கைய. 'அம்சா, எனக்கு வாயில ஏதோ நாத்தம் வருதும்மா'ன்னாரு. நான் சிரிச்சுட்டேன். அதுக்கா இத்தனை நாளா இந்தக் கூத்துன்னு கேட்டேன். 'ஆமா, அதான் கிட்ட வரக் கூச்சமா இருக்கு. நாம ரெண்டு பேருமாச் சேந்து இதைச் சரி பண்ணிருவோம், நீ கூட இரு'ன்னு கெஞ்சுற மாதிரிச் சொன்னாரு. சொல்றப்பவே கண்ணு கலங்கிருச்சு அவருக்கு.

அதுக்கப்பறம் பாக்கணுமே நீங்க! நாக்கு வழிக்கறது ஆளுக்கொண்ணு வாங்கிட்டு வந்தாரு. ஈயம் பூசுன மாதிரி பளபளன்னு எனக்கு நல்லதா ஒண்ணு. உப்புத்தண்ணி காய்ச்சி ரெண்டு டம்ளர்ல ஊத்துவாரு. நீயும் கொப்பளி, தனியாக் கொப்பளிச்சா எனக்கு என்னவோ மாதிரி இருக்குதுன்னுவாரு. வெங்காயம் பூண்டு வேணாம்னாரு. என் பக்கத்துல சொம்புத் தண்ணிய வெச்சுட்டு, நீ குடிச்சாத்தான் நான் குடிப்பேன்னு சின்னப்பிள்ளை மாதிரி அடம் புடிப்பாரு. சட்டைப் பையில ஒரு காலி திருநீறு டப்பா, அதுல கிராம்பு. ஆளுக்கொண்ணு. முதல்ல எனக்கு நீட்டுவாரு, நான் வாயில போட்டுக்கிட்ட பொறவுதான் அவரு போடுவாரு. எனக்கு அந்தக் காரம் ஆகாது. ரெண்டு மூணு நாள் பொறுத்துக்கிட்டேன், அப்பறம் அவரு அந்தாண்ட திரும்புனதும் துப்பிருவேன். வாய் அவருக்கு நாறுனா நான் எதுக்குக் கிராம்பு திங்கணும், சொல்லுங்க?

பல் டாக்டருகிட்டயும் போனோம். துணைக்கு வான்னு கூட்டிட்டுப் போனாரு. சின்னப் பொண்ணு அந்த டாக்டரு, இப்பதான் படிச்சு முடிச்சிருக்கும். அவரு வாயில லைட்டை அடிச்சுப் பாத்துட்டு, 'உங்களுக்கு எல்லாம் சுத்தமா இருக்கே சார்'னுச்சு. அனுபவம் பத்தல. ஒடனே இவரு, 'எங்க வீட்ல இவங்களையும் ஒரு தடவ பாத்துருங்க டாக்டர்'னாரு. எனக்கு வந்துச்சே கோவம். நோவு உங்களுக்கு, வைத்தியம் எனக்கான்னு கேட்டுட்டு வெளிய வந்து ஒக்காந்துட்டேன். உள்ள ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாரு.

திரும்பி வரப்ப வண்டியில ஒரே பாடம். வயித்தைக் காயப் போட்டா வாய் நாறுமாம். தண்ணி குடிக்காம வாய் காஞ்சு போனா நாறுமாம். மூக்கடைச்சு வாயால மூச்சு விடறவங்களுக்கு, வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கறவங்களுக்கு நாறுமாம். ஈறுல ரத்தம் வந்தா, சொத்தைப்பல்லு இருந்தா, நாக்குல வெள்ளையாப் படிஞ்சா. சளிக்குப் போடற மாத்திரை இருக்குல்ல, அது கூட வாயைக் காய வெச்சுருமாம். சக்கரை இருந்தா அதுக்கொரு நாத்தமாம். 'இதெல்லாம் யாருக்கும் வரும்மா, இதுல அசிங்கமே இல்ல, டாக்டரே சொல்லிட்டாங்க'ன்னு திருப்பித் திருப்பிச் சொன்னாரு. எனக்குக் கொட்டாவி வந்துருச்சு.

நான் கேட்டேன், 'இதுல ஒண்ணு கூட உங்களுக்குக் கிடையாதே? சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்கறீங்க. வேளா வேளைக்குத் திங்கறீங்க. வெரதம் இருக்கறது நான். மூக்கடைப்பு எனக்கு. பல்லு வெளக்குனா ரத்தம் வரது எனக்கு, சூட்டு ஒடம்பு. மாத்திரை போடறதும் நான். எனக்கே ஒண்ணும் ஆகல, உங்களுக்கு என்ன வந்துச்சு?'ன்னு. அமராவதிப் பாலத்து மேல வண்டிய ஓரங்கட்டிட்டாரு. ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. தண்ணியே இல்லாத ஆறு, அதுல என்ன இருக்கு பாக்க. அப்பறம், 'ஆமாம்மா, எனக்கு அதெல்லாம் கிடையாதுதான்'னாரு. வண்டிய எடுத்தாரு.

எத்தன நாளைக்குப் பொறுக்கறது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி, நாத்தனா தெய்வானை வீட்டுக் கூடத்துல ஒக்காந்து ஞாயம் பேசுனோம். ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் இருந்தாங்க. எங்கண்ணன் முகத்துக்கு நேரா கேட்டுச்சு, 'எந்தங்கச்சிகிட்ட என்ன குறையக் கண்டு ஹால்ல படுக்கறீங்க? வேற எவளாவது இருக்காளா?'ன்னு. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. பாக்கச் சகிக்கல. நானே சொல்லிட்டேன். 'வேற ஒண்ணும் இல்லண்ணா, இவருக்கு வாய் நாறுது, அதான் கிட்ட வரதில்ல. இவரே எங்கிட்ட சொன்னாரு'ன்னு.

சிரிச்சாங்க. பெரியவங்க துண்டை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எங்க அண்ணன் தொடையத் தட்டிச் சிரிச்சுச்சு.

தெய்வானைக்கு வந்துச்சே ஆவேசம்! 'டேய், வாயைத் தொறந்து உண்மையச் சொல்லித் தொலைடா! சத்தியமாவது மண்ணாவது, இத்தனை பேரு முன்னாடி நீ எதுக்குடா அசிங்கப்படணும்?'னு கத்துறா. அவரு நிமுந்து பாத்தாரு. என்னையப் பாத்தாரு, என் தலையப் பாத்தாரு. 'சும்மா இரு அக்கா. என் வாய்தான் நாறுது. போதுமா எல்லாருக்கும்?'னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. தம்பின்னா அவளுக்கு உசுரு, விட்டுக் குடுக்க மாட்டா. நாத்தனாங்க எல்லாம் அப்படித்தானே.

அன்னைக்கே துணிமணிய எடுத்துட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். அண்ணன் சும்மா இருக்குமா, டீக்கடையில எல்லாம் சொல்லிருச்சு. பேச்சு பட்டறை வரைக்கும் போயிருச்சு. பட்டறைப் பசங்க அவருக்கு ஒரு மாஸ்க்கை வாங்கி ரிப்பன் கட்டிக் குடுத்தாங்களாம். வாங்கிப் போட்டுக்கிட்டாராம். இப்ப எந்நேரமும் மாஸ்க்கோடதான் வேலை செய்யறாராம், யாரோடயும் பேச்சு கிடையாதாம். பெயிண்டு வேலைக்கு மாஸ்க் நல்லதுதான்னு நெனைச்சுக்கிட்டேன். வேற என்ன நெனைக்கறது?

போன தடவ எழுதிக் குடுக்கப் போனப்ப கோர்ட்டு வராண்டாவுல நின்னுட்டிருந்தாரு. மாஸ்க் போட்டுத்தான். கிட்ட வந்தாரு. ஏதாவது சொல்லுவாரோன்னு பாத்தேன். 'தண்ணி குடிச்சியா?'ன்னாரு. பாட்டிலை நீட்டுனாரு. வேணாம்னுட்டேன். கொஞ்ச நேரம் பாட்டிலை நீட்டுனபடியே நின்னாரு, அப்பறம் மூடிட்டாரு. பொண்டாட்டி போறா, கேக்கற கேள்வியப் பாருங்க.

இன்னைக்கு ஜட்ஜு கேப்பாராம், உங்க சொந்த விருப்பமான்னு. என்ன காரணம்னு கேட்டாலும் கேப்பாராம். கேட்டா இதையேதான் சொல்லுன்னு அண்ணன் சொல்லியிருக்கு. தப்பு அவரு பக்கம்னு ஆயிரும்ல. பழகிப் போச்சு, சொல்லிருவேன். ஒரே வரிதானே.

மாயனூர் தாண்டியாச்சு. நீங்க ஒரு வார்த்தையும் பேசலையேக்கா. நான்தான் தொணதொணன்னு...

என்னது? எனக்கா? வேணாங்கக்கா, நீங்க வெச்சுக்கங்க, குமட்டலுக்கு ஆகும். இல்லீங்க, பரவால்ல. இன்னைக்கு வெரதம், வாயில எதுவும்...

கிராம்பா.

நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே நீட்டுறீங்க.

அவரும் இப்படித்தான். மூஞ்சி அந்தப் பக்கம், கை மட்டும் இந்தப் பக்கம்.

அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்குக் குமட்டல் பஸ்ஸாலயா?

குளித்தலையில நான் ஏறி உக்காந்தப்ப மூக்கை மூடலையே நீங்க. முன்சீட்டுக்காரரு நான் பேச ஆரம்பிச்சப்பறம்தானே எந்திரிச்சாரு.

சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். சத்தியம் எல்லாம் வேணாம், சத்தியம் வேணவே வேணாம். வாயால சொல்லக் கஷ்டமா இருந்தா தலைய மட்டும் ஆட்டுங்க. எனக்கா?

சரி.

சரிக்கா. ஒண்ணும் இல்ல. நீங்க எதுக்கு அழறீங்க? எனக்கே அழுகை வரல பாருங்க. இருங்க, நான் முந்தானையால மூடிக்கறேன். நீங்க கையை எடுத்துருங்க, நல்லா மூச்சு விடுங்க.

புடவை தோள்ல போட்டுவிட்டு காதுகிட்ட குனிவேன். அதான் உருவிப் போட்டுட்டு ஓடுனாங்க. ஆளுக்கொரு டம்ளர் உப்புத்தண்ணி. ஆளுக்கொரு கிராம்பு. 'யாருக்கும் வரும்மா, இதுல அசிங்கமே இல்ல.' வாயைத் தொறந்து ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவரு வேற என்னத்தச் சொன்னாரு? நாளெல்லாம் அதைத்தான் சொல்லிட்டிருந்தாரு. என் தலைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு, எல்லாத்தையும் அவரு வாய்னு சொல்லிட்டாரு. அந்தக் கூடத்துல என் தலையத்தான் பாத்தாரு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? கோர்ட்டுக்கு இங்கேருந்து ஆட்டோ புடிக்கணும். அண்ணன் வாசல்லயே நிக்கும், நேரா வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போயிரும். அதுக்கு முன்னாடி அவரைப் பாக்கணும். வராண்டாவுலதான் நிப்பாரு, மாஸ்க்கோட. அந்தப் பாட்டிலைக் கொண்டு வந்திருக்காரான்னு தெரியல. வருவாரான்னே தெரியல. திரும்பி வரட்டுமான்னு கேட்டா சரிங்கறாரோ, இத்தனை பட்டது போதும்ங்கறாரோ, அதுவும் தெரியல.

உங்க பாட்டில்ல கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்கக்கா. வெரதம் கெடக்கு, விடுங்க. வாய்படாமத்தான் ஊத்திக்கறேன்.

அக்கா, இன்னொரு கிராம்பும் குடுங்க. இது எனக்கு. அது அவருக்கு.